மூன்று துளி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனில் ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவினேன். அங்கே சமையல்காரர் மலேசியச் சீனர். என்னைவிட இளையவர், முழங்கைவரை எண்ணெய் சுட்ட தழும்புகள். தமிழர் நடுவே வளர்ந்ததால் தமிழ் பேசுவார். பெரிய கேனில் வருவதையெல்லாம் போத்தல்களில் ஊற்றி, சீன எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுவது அவர் பழக்கம்.

"இடது பக்கம் மூணு துளி இருக்கா அண்ணே? அப்போ அது தண்ணி மாதிரி சாமான்," என்று ஒருநாள் அந்த எழுத்துகளைக் காட்டினார். எண்ணெய், சூப், மது எல்லாவற்றின் பெயரிலும் அந்தத் துளிகள் இருந்தன. எனக்குச் சீனம் வாசிக்க வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் எனக்குக் கடும் தடிமன். மூக்கில் மணமே தெரியவில்லை. தாகத்தில், மூன்று துளி போட்ட ஒரு போத்தலைத் தண்ணீரென்று எண்ணி, கோப்பையில் ஊற்றி வாயருகே கொண்டுபோனேன். அவர் பாய்ந்து வந்து தட்டிவிட்டார்.

"ஐயோ, அது தரை கழுவுற பிளீச்!"

"மூண்டு துளி கிடந்ததே, தம்பி?"

"துளி தண்ணின்னுதான் சொல்லும். குடிக்கலாம்னு சொல்லாது."

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு நான் எத்தனை முறை கேட்டும் அவர் ஓர் எழுத்துக்கும் பொருள் சொல்லவில்லை. "வேணாம் அண்ணே," என்று பயந்த முகத்தோடு விலகிப்போவார்.