நழுவின பந்து

இன்று டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கும்போது பக்கத்தில் பார்த்தால், வசந்தி!

எண்பதுகளில் காலேஜ் சாஃப்ட்பால் ஃபைனலில் எதிர் டீம் கேட்சர். ரன்னுக்கு ஓடி வந்த என்னைப் பந்தால் தொட்டாள்; பந்து கையில் நின்றால்தான் அவுட். தொடும்போதே பந்து கையிலிருந்து நழுவியதை அம்பயர் கவனிக்கவில்லை. அவுட் கொடுத்துவிட்டார்.

"சார், பந்து விழுந்துடுச்சு. அவ அவுட் இல்ல" என்று அவளேதான் சொன்னாள். அந்த ரன்னில் ஜெயித்தோம்.

"அதுக்கப்புறம் உன்னை எந்த மேட்ச்லயும் பார்க்கலியேடி?" என்று இப்போது கேட்டேன்.

"பிராக்டீஸ்ல எங்க டீம்ல ஒருத்தியும் என் பக்கம் பந்தே போடலடி. சும்மா நின்னு நின்னு, நானே விட்டுட்டேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பையா, ஜல்தி" என்று கடைக்காரரை இந்தியில் விரட்டினாள்.

சரியாகப் பார்க்காத அம்பயர் அடுத்த வருஷமும் வந்திருந்தார். உங்கள் மைதானத்திலும் இப்படித்தானா?