வண்டியை ஓட்டியது யார்

எல்லையோர ஊரான எல் பாஸோவில் மாசெதோனியோ பூசிய சுவரில் எவனும் குறை கண்டதில்லை. குறையெல்லாம் அவனுடைய நல்ல மனசில்தான். அதை நினைத்தாலே அவன் மனைவி யூலாலியாவுக்கு வயிறு எரியும்.

சில வருஷங்களுக்கு முன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, ஒரு கிழவரின் காலை உடைத்தவன் லிப்ராதோ. பக்கத்தில் இருந்த மாசெதோனியோ, போலீஸ் வருவதற்குள் இடம் மாறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். லிப்ராதோ அவன் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் ஆண்கள் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்பார்கள்; பிள்ளையைப் பெற்றவள் 'கொம்மாத்ரே'. பிள்ளையை ஏந்தி ஞானஸ்நானத்துக்கு நின்றவனை இவர்கள் ஊரில் யாரும் காட்டிக்கொடுப்பதில்லை. எவ்வளவு பெரிய புண்ணியம்! அவனுக்குக் கிடைத்தது சிறை, அதற்குப் பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் நாடுகடத்தல்.

பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு இருக்க முடியுமா? அனுமதியில்லாமல் எல்லை தாண்டித் திரும்பி வந்தான். சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தபோது பிடித்தார்கள். திரும்பி வந்ததற்கு மட்டும் என்றால் இரண்டு வருஷத்துக்கு மேல் போட முடியாது. பழைய குற்றத்தைக் காட்டி நீதிபதி ஐந்து வருஷம் தீட்டிவிட்டார்.

அப்பீல் போட்ட வக்கீலம்மா உடைத்துச் சொன்னாள்: "பழைய கேஸ் நிக்கிற வரைக்கும் அப்பீல்ல ஒண்ணும் நடக்காதும்மா. முதல்ல அதை உடைக்கணும். ஓட்டினது யாருன்னு உங்க வீட்டுக்காரர் வாயைத் திறக்கணும்."

யூலாலியா நேரே லிப்ராதோவிடம் போய் நின்றாள்.

"கொம்பாத்ரே சொல்லச் சொன்னா சொல்றேன், கொம்மாத்ரே," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே. கொம்பாத்ரே அப்படிச் சொல்லமாட்டான் என்று அந்தக் கோழைக்கு நன்றாகத் தெரியும்.

சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மாசெதோனியோ ஃபோனில் சொன்னான்: "அவனுக்கும் இங்க இருக்க பேப்பர் இல்ல, யூலா. மூணு புள்ளைக்காரன். அனுப்பிடுவாங்க. நம்ம பொண்ணுக்கு ஞானத்தகப்பன்டி."

"ஞானத்தகப்பன் இருக்கான்யா! வருஷா வருஷம் பொறந்தநாளுக்கு கேக்கோட வந்து நிக்கிறான். பெத்த தகப்பன் எங்க?"

பேச இன்னும் நேரம் இருந்தது. அவள் ஃபோனை அடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

அப்பீல் தள்ளுபடி ஆனது. மகளின் பிறந்தநாளன்று கேக்கும் கையுமாக வந்த லிப்ராதோவின் முகத்தில் யூலாலியா கதவை அறைந்து சாத்தினாள்.

"யாரும்மா வந்தது?" என்றாள் மகள்.

"ஜெயில்ல இருக்க வேண்டியவன்."