பதில் போடாத பார்ட்னர்

போன செவ்வாய்க்கிழமை என் பார்ட்னரைக் கழற்றிவிட்டேன். பதறாதீர்கள்... வீட்டுக்காரர் பத்திரமாகத்தான் இருக்கிறார். இது வியாபாரப் பார்ட்னர்.

தாம்பரம், மேடவாக்கம் பக்கம் புதிதாகக் குடிவருபவர்களுக்காக நான் ஒரு வெப்சைட் நடத்துவது உங்களில் பலருக்குத் தெரியும். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி எப்போது வரும், எந்த ஸ்கூலுக்கு வேன் உண்டு... இப்படி. அதில் ஒரு வாட்டர் ஃபில்டர் கம்பெனியின் விளம்பரம் இருந்தது. அதை க்ளிக் செய்து யாராவது ஃபில்டர் வாங்கினால் எனக்குச் சின்னதாக ஒரு கமிஷன். 'அஃபிலியேட்' என்பார்கள்.

முதல் ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. கம்பெனி மேனேஜர் ரகுநாதன், காலையில் மெயில் அனுப்பினால் மத்தியானமே பதில் போடுவார். என் சைட்டுக்கு வந்த முதல் விளம்பரம் அவருடையதுதான். பத்துப் பேர்கூடப் படிக்காத காலத்தில் நம்பி வந்தவர். அந்த நன்றி எனக்கு உண்டு.

பிறகு திடீரென்று சத்தமே இல்லை. சர்வீஸுக்கு ஆள் வரவில்லை என்று வாசகர்கள் சிலர் எழுதினார்கள். அதையெல்லாம் அவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. போன் செய்தால், மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். நாலு மாதமாக ஒரு மனிதர் மீட்டிங்கிலேயே இருக்க முடியுமா?

கோபமாகப் பதில் போடுகிறவரை உடனே விட்டுவிடலாம். பதிலே போடாதவரை எப்போது விடுவது? உடம்பு சரியில்லையோ, மெயில் போய்ச் சேரவில்லையோ என்று அவருக்காக நாமே காரணம் தேடிக்கொண்டிருப்போம். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று நானும் பல வாரம் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை மேடவாக்கத்திலிருந்து மும்தாஜ் என்கிற வாசகி பேசினார். புது ஃப்ளாட், கைக்குழந்தை. என் சைட்டைப் பார்த்து வாங்கிய ஃபில்டர் மூன்று வாரமாக ஓடவில்லை. லாரித் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டிக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் யாரும் போனை எடுக்கவில்லையாம்.

சர்வீஸ் அவர்கள் பொறுப்பு, நான் விளம்பரம் மட்டும்தான் போடுகிறேன் என்று சமாளித்தேன்.

அவர் கோபப்படவில்லை. "அந்தக் கம்பெனிய எனக்குத் தெரியாதுக்கா. உங்களத்தான் தெரியும். நீங்க போட்டிருக்கீங்களேன்னுதான் வாங்கினேன்" என்றார்.

சுருக்கென்றது.

போனை வைத்த கையோடு விளம்பரத்தை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று அந்த இடத்தில் இரண்டு வரி எழுதினேன். பிறகு, எங்கள் வீட்டு ஃபில்டரைப் பார்க்கும் கிழக்குத் தாம்பரம் மெக்கானிக் சேகரை மும்தாஜ் வீட்டுக்கு அனுப்பினேன். உள்ளே ஏதோ ஒயர் விட்டுப்போயிருந்ததாம். அரை மணி நேர வேலை. சாயந்திரம் மும்தாஜே கூப்பிட்டு, ஓடுகிறது என்றார். பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அப்பாடா!

இதற்காகவா நாலு மாதம் யோசித்தேன்? ஒன்றுமே ஆகவில்லை. மெயில் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ரகுநாதன் பெயரைத் தேடுவேன் — அது மட்டும்தான் நின்றுபோனது.

வியாழக்கிழமை ஒரு போன். ரகுநாதன்! அதே கனிவான குரல். "மேடம், நம்ம விளம்பரத்த சைட்ல காணோமே... ஏதாவது ப்ராப்ளமா?"

என் மெயில்கள் வந்தனவா என்று கேட்டேன். வந்தனவாம். எல்லாவற்றையும் படித்தாராம். சர்வீஸ் ஆட்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போய்விட்டார்கள், என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என்றார். கேட்கப் பாவமாகத்தான் இருந்தது.

"அதையே ஒரு வரி எழுதியிருந்தா நான் வாசகர்களுக்குச் சொல்லியிருப்பேனே சார்" என்றேன்.

பிறகு, திரும்பப் போட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். குரலை உயர்த்தாமல்தான்.

மனிதரை அப்போதே மன்னித்துவிட்டேன். சிபாரிசு செய்வதைத்தான் நிறுத்திவிட்டேன்.