யாரும் கிளப்ப முடியாத கார்

காரை நிறுத்திவிட்டாலும் முஹோரோ லேசில் இறங்கமாட்டார். முதலில் ஸ்டியரிங்கில் இரும்புத் தடியை மாட்டிப் பூட்டுவார். அடுத்து கியருக்கு ஒரு பூட்டு. பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கீழே விழுந்த எதையோ தேடுகிறவர் போலக் குனிவார். அங்கே எங்கோ ஒரு ரகசிய சுவிட்ச் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் சாவி கையில் இருந்தாலும் வண்டி கிளம்பாது.

நைரோபியில் திருடனுக்குப் பயந்து பக்கக் கண்ணாடிகளை ஆணி வைத்து இறுக்காதவனும், கண்ணாடிக்குக் கண்ணாடி வண்டி எண்ணைச் செதுக்கி வைக்காதவனும் ஏமாளிதான். முஹோரோ அதற்கும் மேலே. வைப்பர்களைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். சுவிட்சைப் பொருத்த வெளியூரான தீக்கா வரை ஓட்டிப்போய், முன்பின் தெரியாத மெக்கானிக்கிடம் பொய்ப் பெயர் கொடுத்தவர். "பொருத்தினவனுக்கே இடம் தெரியுமில்ல? அவன் என் வீட்டைத் தேடி வந்தா?" என்பது அவர் கட்சி.

தேயிலைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வங்கேச்சி மொம்பாசாவில் இருக்கிறாள். நைரோபியின் புருபுரு பகுதி வீட்டில் இவர் மட்டும். சர்ச்சில் கடைசி பெஞ்ச், அதுவும் வாசல் ஓரம். "முஹோரோ, நீங்க கடவுளைப் பார்க்க வந்தீங்களா, காரைப் பார்க்க வந்தீங்களா?" என்று பாஸ்டர் ஒருமுறை எல்லோர் எதிரிலும் கேட்டார். "கடவுளை எவனும் ஓட்டிக்கிட்டுப் போக முடியாது, பாஸ்டர்" என்றார் இவர்.

கார் கண்ணில் படாத இடத்தில் உட்காரமாட்டார். சனிக்கிழமைகளில் சுட்ட ஆட்டிறைச்சி சாப்பிடக் கூடும் நண்பர்கள் அவருக்காகத் தெருவோர மேசையைப் பிடித்து, வெயிலில் காய்ந்து பார்த்தார்கள். பிறகு நிழலுள்ள கடைக்கு மாறினார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, கூப்பிட மறந்தார்கள், அவ்வளவுதான்.

அவருடைய முதல் கார் களவுபோனது மனைவியை அடக்கம் செய்த அன்று. மண் போட்டுவிட்டுத் திரும்பினால் வண்டியைக் காணவில்லை. யாருடைய லாரியிலோ ஏறி வீடு வந்தார். அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் காரைப் பற்றி மட்டுமே பேசுவார். "வெள்ளை வண்டி. சீட்டு உறைகூடப் பிரிக்கல" என்பார். கேட்கிறவர்கள்தான் பேச்சை மாற்றுவார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சரிந்தார். முதலில் ஓடிவந்தவள் பக்கத்து வீட்டு அப்பியோ அம்மா. பள்ளி வேன் ஓட்டுகிறவள். விடுமுறை என்பதால் வேன் பள்ளியில் கிடந்தது. அவர் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொரு பூட்டாகத் திறந்தாள். சாவியைத் திருகினாள், திருகினாள், வண்டி முனகக்கூட இல்லை.

"பெரியவரே, அந்தப் பாழாப்போன சுவிட்ச் எங்க? சொல்லித் தொலைங்க!"

முஹோரோ வாயைத் திறந்தார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

கடைசியில் முட்டைக்கோஸ் விற்கும் தள்ளுவண்டியில் கிடத்தி, பெரிய சாலை வரை தள்ளிக்கொண்டு போய் டாக்ஸி பிடித்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்றார் டாக்டர்.

மகள் போனில் அழுதாள். "அப்பா, அந்த அம்மாகிட்ட சுவிட்சைக் காட்டி வையுங்க. அடுத்த தடவை என்ன ஆகுமோ!"

"காட்டறேன்மா, காட்டறேன்."

காட்டவில்லை. வாரங்கள் ஓடின. அப்பியோ அம்மா சும்மா இருப்பாளா? "என்ன பெரியவரே, நான் தூக்கிக்கிட்டு ஓடிருவேன்னு பயமா? இந்தக் கிழட்டு வண்டிய வித்தா குழம்புக்கு மீன்கூட வராது" என்று வேலிக்கு மேலாகச் சீண்டினாள். அவர் சிரித்து மழுப்பினார். படுக்கும்போது மட்டும் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

நேற்று மாலை அவராகவே போய் அவளைக் கூப்பிட்டார். ஸ்டியரிங் முன்னால் அவளை உட்காரவைத்து, பக்கத்து இருக்கையில் தான் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நெற்றி வியர்த்திருந்தது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கம்மா."

"காட்டறதுக்குத்தானே கூப்பிட்டீங்க?"

"திரும்பிக்கம்மா."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மதில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கதவுப் பூட்டை அவர் இன்னொருமுறை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு சில்லிட்ட கை ஒன்று தடவி வந்து அவள் கையைப் பற்றியது. இருக்கைக்கு அடியில் மெல்லக் கொண்டுபோய், அவள் விரலைச் சுவிட்சின்மேல் வைத்தது. வைத்த பிறகும் அந்தக் கை அவள் கையை விடவில்லை.