பதினோராவது நிமிடம்

கல்கத்தாவில் டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மூன்று மாடி வீட்டில், இரண்டாவது மாடியில் தனியாகக் குடியிருக்கும் சுப்புலக்ஷ்மிக்கு அறுபத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று துருவித் துருவிக் கேட்டவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது அதைக் கேட்கக்கூட ஆளில்லை.

ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தாள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் இருப்பதையும் விடாமல் படிப்பாள். அதனாலேயே அவளைக் கண்டால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். பயந்தவர்கள் யாரும் அவளை டீ குடிக்கக் கூப்பிட்டதில்லை.

அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது நாலே நாலு வருடம்தான். அவளுடைய தம்பி வைத்தியநாதன் நாக்பூரில் இருக்கிறான். அவன் மகள் மேக்னா ஜாதவ்பூரில் இன்ஜினீயரிங் படிக்க வந்தபோது அத்தை வீட்டில் தங்கினாள். சாப்பாட்டு மேஜையை ஒரு வாரம் ஆக்கிரமித்துக்கொண்டு, பாகம் பாகமாக வாங்கி, ஒரு கம்ப்யூட்டரைத் தானே பொருத்திச் சேர்த்தாள். படிப்பு முடிந்து டப்ளினுக்கு வேலைக்குப் போனபோது, "இது உனக்கு, அத்தை. சண்டே சண்டே இதுல பேசலாம்" என்று விட்டுவிட்டுப் போனாள்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி சுப்புலக்ஷ்மியின் வாரத்துக்கே மணியாயிற்று. ஃபோனிலும் பேசலாம்தான். ஆனால் ஃபோனில் மேக்னா தபால் தலை அளவுக்குத்தான் தெரிவாள். கம்ப்யூட்டர் திரையில்தான் ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். முதலில் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு பெட்டிக்கு என்ன வந்ததோ, முக்கால் மணியில் பட்டென்று அணைந்தது. அப்புறம் அரை மணி. போன பொங்கலிலிருந்து சரியாகப் பத்தே நிமிடம். மின்விசிறி உச்சக் குரலில் கத்தும், மேக்னாவின் வாய் பாதி வார்த்தையில் நிற்கும், திரை கறுத்துவிடும். சுப்புலக்ஷ்மி அந்தக் கறுப்பில் தெரியும் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"ப்ராசஸர் சூடாறது, அத்தை. அதுக்கும் மேலே இருக்கற கூலருக்கும் நடுவுல சூட்டைக் கடத்தறதுக்கு ஒரு பேஸ்ட் இருக்கு, அது காஞ்சு போயிருக்கும். யாரையாவது கூப்பிட்டு மாத்தேன்" என்றாள் மேக்னா ஒரு தடவை. கூப்பிட்ட மெக்கானிக் வந்தான், தூசியை ஊதினான், புதுசு வாங்கச் சொல்லிவிட்டுப் போனான். மேக்னா கையால் பொருத்தியதைத் தூக்கிப் போடுவதா? சுப்புலக்ஷ்மி, வந்த கோபத்தில் தானே வேலையில் இறங்கிவிட்டாள். பத்து நாள் படித்தாள், வீடியோ பார்த்தாள், நோட்டில் குறித்துக்கொண்டாள். வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: பதினோராவது நிமிடம். அது கிடைத்துவிட்டால் அறுபது நிமிடமும் கிடைத்த மாதிரி.

வெள்ளிக்கிழமை ரவீந்திர சரோபரில் மெட்ரோ ஏறி, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சாந்தினி சௌக்குக்குப் பேஸ்ட் வாங்கப் போனாள். சந்துக் கடையில் இருந்த வங்காளிப் பையன் ஒரு சின்ன சிரிஞ்சை எடுத்து நீட்டினான். "மாஷிமா, இதுதான் டாப். லிக்விட் மெட்டல். பெரிய பெரிய கேம் ஆடறவங்க இதைத்தான் கேப்பாங்க" என்றான் வங்காளியில்.

சுப்புலக்ஷ்மி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டையின் பின்பக்கத்தைப் படித்தாள். மின்சாரம் கடத்தும், அலுமினியத்தில் படக்கூடாது, அரித்துவிடும்.

"என் கூலரோட அடிப்பக்கம் அலுமினியம். ஒரு சொட்டு போர்டுல விழுந்தா என்ன ஆகும்?"

பையன் தலையைச் சொறிந்தான். "விழாம பூசணும், மாஷிமா."

"விழும்னு வெச்சுண்டுதான் நான் வாங்கணும். மின்சாரம் கடத்தாத சாதாரணச் சாம்பல் கலர் பேஸ்டைக் குடு." அவளும் வங்காளியில்தான் சொன்னாள். அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் பேசிய அதே குரல்.

சனிக்கிழமை காலை வேலை ஆரம்பித்தது. பெட்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டாள். லேசான சூட்டில் பழைய பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, ஜன்னல் கம்பியைத் தொட்டுத் தன் உடம்பில் இருக்கும் மின்சாரத்தைப் போக்கிக்கொண்டாள். மின்விசிறியின் ஒயரைக் கழற்றி, கூலரின் நான்கு கால்களையும் திருப்பி இழுத்து, மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்து எடுத்தாள். அடியில் பேஸ்ட் காய்ந்து, வெடித்துப் பொருக்காக இருந்தது. மேக்னா ஆறு வருடத்துக்கு முன்னால் வைத்தது. சுப்புலக்ஷ்மிக்கு அதைத் துடைக்கக் கை வரவில்லை. அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டு, மருந்துக்கடையில் வாங்கிய ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் கண்ணாடி துடைக்கும் துணியில் நனைத்து, உலோகம் பளபளக்கும் வரை துடைத்தாள்.

எவ்வளவு பேஸ்ட் வைக்க வேண்டும் என்று நோட்டில் என்னவோ தெளிவாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் நோட்டைப் படித்தது கண், கை படிக்கவில்லையே! லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர் கல்யாணங்களில் நாற்பது வருடமாக வாசலில் நின்று சந்தனம் கொடுக்கிற வேலை அவளுக்குத்தான். மேடைப் பக்கம் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை; வாசலோடு சரி. அந்தப் பழக்கத்தில் பேஸ்டைத் தாராளமாகப் பிதுக்கி, மோதிர விரலால் ஓரம் வரை வழித்துப் பூசிவிட்டாள். மேலே கூலரை வைத்து அழுத்தியதும் நாலு பக்கமும் பிதுங்கிப் பச்சை போர்டில் வழிந்தது.

போர்டு போச்சு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு ஞாபகம் வந்தது: மின்சாரம் கடத்தாது. சாந்தினியில் அந்தப் பையன் பேச்சைக் கேட்டிருந்தால் எல்லாம் அன்றோடு போயிருக்கும். காது துடைக்கும் பஞ்சுக் குச்சிகளால் ஒரு மணி நேரம் சுத்தம் செய்தாள். இரண்டாவது தடவை நடுவில் ஒரே ஒரு துவரம்பருப்பு அளவு. விரல் வைக்கவில்லை. கூலரை நேராக இறக்கி, குறுக்குக் குறுக்காக இருக்கும் கால்களை ஜோடி ஜோடியாக அழுத்தினாள். பேஸ்ட் தானே பரவிக்கொண்டது. ஒயரை மறக்காமல் மாட்டினாள்.

முன்பெல்லாம் தொண்ணூற்றெட்டு டிகிரியில் போய் அணைகிற பெட்டி, இரண்டு மணி நேரம் வீடியோ ஓடியும் அறுபத்தொன்றைத் தாண்டவில்லை. அந்த வீட்டில் அவள் கை தட்டியது அன்றைக்குத்தான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை. நாளைக்கு மேக்னாவிடம் சொல்லலாம், ஆனால் முதலில் சொல்லக்கூடாது, பத்து நிமிடம் தாண்டியதும் "பார்த்தியாடி!" என்று சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு என்னென்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்தாள். இருபத்திரண்டு விஷயம் வந்தது.

ஞாயிறு ஐந்து மணி. மேக்னா வந்தாள், எப்போதும் போலச் சிரித்தாள், சாப்பிட்டாயா, முழங்கால் வலி எப்படி, மழையா என்று கேட்டாள். சுப்புலக்ஷ்மி ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். ஏழாவது நிமிடத்தில் மேக்னா பேசிக்கொண்டே கோட்டை மாட்ட ஆரம்பித்தாள். எட்டாவது நிமிடத்தில் அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் கதவருகே வந்து எதையோ கேட்டாள். அவளோடு குடியிருக்கும் தீப்தியாக இருக்கும். மேக்னா திரும்பி வங்காளியில் சொன்னாள்:

"ஆர் து மினிட், தீப்தி. ஓடா நிஜே தேகேயி பந்த் ஹொயே ஜாபே."

இன்னும் இரண்டு நிமிடம், அது தானாகவே அணைந்துவிடும். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த அத்தைக்கு வங்காளி புரியாது என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். எதையும் நினைக்காமல்தான் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபத்தெட்டு வயது, வெளியே வெயில், காத்திருக்கும் சிநேகிதி. பத்து நிமிடத்தை அவள் மனதார அத்தைக்குத்தான் கொடுத்தாள். அதற்கு மேல் கொடுக்க அவளிடம் இல்லை, அவ்வளவுதான். பல மாதமாக அவளுக்குப் பதில் அந்தப் பெட்டிதான் அதைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்புறம் சொல்லு, அத்தை" என்றாள் மேக்னா, உட்காராமல்.

சுப்புலக்ஷ்மி தாளைப் பார்த்தாள். கடிகாரம் ஒன்பதரை நிமிடம் காட்டியது. திரையின் மூலையில் ஐம்பத்தொன்பது டிகிரி. மின்விசிறி சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"நேத்திக்கு என்ன ஆச்சுன்னா, மேக்னா, காலம்பற நான் நம்ம சாப்பாட்டு மேஜையில..." என்று ஆரம்பித்தாள். வார்த்தை பாதியில் இருக்கும்போதே குனிந்து சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தாள்.

திரை கறுத்தது. அழுகை வந்தது, பார்க்க யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதாள். பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தாள், சூடே இல்லை. பக்கத்தில் ஃபோன் மினுங்கியது. "போச்சு! பாவம் அந்தப் பெட்டி. நெக்ஸ்ட் சண்டே பேசலாம் அத்தை" என்று மேக்னா அனுப்பியிருந்தாள்.

சுப்புலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுத்துப் பிழை இல்லாமல் ஒவ்வொன்றாகத் தட்டி அனுப்பினாள்: "ஆமாம்மா. ரொம்பச் சூடாகிவிட்டது."