ஆடு கூப்பிடும் குரலை ஊருக்குக் கொடுத்தேன்

காசு கேட்டால் பேரம் பேசுவார்கள், சும்மா கொடுத்தால் சந்தேகப்படுவார்கள்; அதுதான் என் தொழில். நாகலூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பழைய லேப்டாப்புகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். கூடவே, செய்தவர்களே "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் பேரை மட்டும் போடுங்கள்" என்று பொது உரிமத்தில் விட்டிருக்கும் பாட்டு, படம், கதை எல்லாம் ஏற்றித் தருவேன். நல்லதைக் கொடுத்துத் திட்டு வாங்கியவர்களே, உங்களுக்குத்தான் என் பாடு புரியும்.

வெளிறிய முகம்

காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் தன் லேப்டாப்பில் இருந்த பாட்டுகளைப் பார்த்துவிட்டு விலை கேட்டார். "சும்மாதானுங்க, நீங்களும் நாலு பேருக்குக் கொடுக்கலாம்" என்றேன். முகம் வெளிறிவிட்டது. பட்டென்று மூடியைச் சாத்தி, வெளியே எட்டிப் பார்த்தார். உரிமத்தைப் படித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, லேப்டாப்பைக் கோணிப்பைக்குள் வைத்துத்தான் எடுத்துப்போனார்.

"ஏனுங்கம்மா, போலீஸ் புடிச்சா நான் உங்க பேரைத்தான் சொல்லுவேன்."

அடுத்த மேடு வரை

நம்ம ஊர்ச் சத்தம் ஒன்றுகூட இல்லையே என்று சிலர் குறைப்பட்டார்கள். என் மாமியார் ஆடுகளைக் கூப்பிட்டால் அடுத்த மேடு வரை கேட்கும். அதைப் போனில் பதிவு செய்தேன். பொதுவில் விட்டால் யாரும் எடுத்துக்கொள்வார்கள், திருப்பி வாங்க முடியாது என்று அவரிடம் சொல்லித்தான் இணையத்தில் ஏற்றினேன். பேர் கேட்ட இடத்தில் மாமியாரைப் பேர் சொல்லி எழுதக் கை வரவில்லை. 'நாகலூர் மாமியார்' என்று போட்டேன். அனுமதி கேட்டபோது அத்தை சொன்னது இவ்வளவுதான்:

"காத்துல போற சத்தந்தானே கண்ணு, எடுத்துட்டுப் போகட்டும்."

வேலி தாண்டிய ஆடுகள்

ரைட்டர் லேப்டாப்பில் பேட்டரி குறைந்தால் அத்தை குரல் வரும்படி வைத்திருந்தேன். காப்பிக்கொட்டை காயும் களத்தில் அவர் உட்கார்ந்திருந்தபோது பேட்டரி குறைந்தது. "பா... பா... வா சாமி!" சரிவில் மேய்ந்த எங்கள் ஆடுகள் அத்தனையும் வேலி தாண்டி, கொட்டையை மிதித்துக்கொண்டு போய் அவர் மேசையைச் சுற்றி நின்றன. இடுப்பில் என் குழந்தையோடு பின்னாலேயே ஓடிய அத்தை, தன் குரல் ஒரு பெட்டிக்குள்ளிருந்து வருவதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாராம்.

அத்தை என் குழந்தையைப் பார்த்துக்கொள்வதால்தான் நான் கடை திறக்கிறேன். நேரே கடைக்கு வந்து, அவளை என் மடியில் இறக்கினார்.

"என் குரலைத் திருப்பி வாங்கு புள்ள, அது வரைக்கும் உம்புள்ளைய நீயே வச்சுக்க."

பேர் கேட்டவர்

ரைட்டர் லேப்டாப்பிலிருந்து குரலை எடுத்துவிட்டேன். உலகத்திலிருந்து எடுக்க முடியாதே! மடியில் குழந்தையோடு ஸ்க்ரூ கழற்றினால், கழற்றியதை அவள் வாயில் போடப் போகிறாள். கடையைப் பூட்டிவிட்டு ஊட்டோடு இருக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்த அன்று, குழந்தைகளுக்கு இலவசக் கணினி விளையாட்டு செய்பவர் ஒருவர், பதிவோடு போட்டிருந்த என் எண்ணுக்குப் போன் செய்தார். அவர் விளையாட்டில் அத்தை குரலைக் கேட்டுத்தான் ஆடுகள் பட்டிக்குத் திரும்புகின்றனவாம். "உரிமப்படி பேர் போடணுங்க. நாகலூர் மாமியார்னு இருக்குது, அவங்களுக்குப் பேரே கிடையாதுங்களா?"

வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்ட அத்தை எழுந்துவிட்டார். "மாமியாருன்னா போட்ட? இந்த ஊருல எத்தனை மாமியாரு!" போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"எம் பேரு பாப்பாத்தி, நொம்பப் பெருசாப் போடுங்க... ஏம்புள்ள, குழந்தைய இங்க குடு."

இப்போது அந்த விளையாட்டின் பேர்ப் பட்டியலில் அத்தை மேலே, பதிவு செய்த நான் கீழே. ஊட்டிலும் அப்படித்தானே இருக்கிறோம்.