குசினிச் சுவரில் ஓர் ஓட்டை

காலை பத்து நாற்பதுக்கு மகள் தலை இடிக்கிறது என்றாள். அவளைக் குளிக்க வார்க்கத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்று அப்போதுதான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். அதனால் நேரம் மறக்கவில்லை. பிள்ளை பெற்றுப் பதினேழாம் நாள். எங்கள் மருதமுனையில் பிள்ளை பெற்றவளுக்கு இலைகளை அவித்து, கை பொறுக்கும் சூட்டில் வேதுத் தண்ணீர் வார்ப்போம். வட இத்தாலியில், பழைய கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில், ஊரிலிருந்து பார்சலில் வந்த காய்ந்த நொச்சியை அவித்து வாளியில் ஊற்றி, மிச்சத்துக்குச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டிருந்தேன். பக்கத்துக் குசினியில், அடுப்புக்கு அருகே, சுவரில் தொங்கிய தண்ணீர் காய்ச்சும் காஸ் ஹீட்டர் ஓயாமல் இரைந்தது.

"உம்மா, என்ன புழுங்கலுக்கு அவிக்கிறீங்களா? நான் நெல்லு இல்ல."

"வாயப் பொத்திட்டு இரு மகள். நாளைக்கி இடுப்பு நோவுதெண்டு வந்து நிப்பாய்."

சிரித்தாள். பிறகுதான் தலை இடிக்கிறது என்றாள். பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று இன்னொரு வாளி வார்த்தேன்.

அந்தக் குசினியின் சுவரில், தரைக்குச் சற்று மேலே, கையகல ஓட்டையொன்று வெளியே வரை போகிறது. கம்பிவலை உண்டு, மூடி இல்லை. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு, கதவிடுக்கில் ரப்பர் ஒட்டி, இவ்வளவு பாடுபட்டுக் குளிரை மறித்தவர்கள் சுவரில் ஏன் துளை போட்டார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை. வீடு தந்த அன்று, வீட்டுக்காரர் அதைக் காட்டி, விரலை ஆட்டி, "ஆரியா, ஆரியா" என்றார். ஆரியா என்றால் காற்று. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, கீழ்வீட்டு மூதாட்டி படியில் எங்களை மறித்து, மகளின் கழுத்துத் துணியை இழுத்து மூடி, "கோல்போ தாரியா" என்று கண்டிப்பாகச் சொன்னார். காற்று அடித்துவிடும் என்கிறார் என்று மருமகன் விளக்கினார். எங்கள் பெண்களைப் போலக் கதைக்கும் ஒருத்தி இந்த ஊரிலும் இருக்கிறாளே என்று மனம் குளிர்ந்தது. வீட்டுக்காரரும் இதைத்தான் சொல்லியிருக்கிறார், காற்றுக்குக் கவனம் என்றிருக்கிறார் என்று இரண்டையும் நானே கூட்டிக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் பின்னேரம் மருதமுனையிலிருந்து என் கணவரின் தங்கை வீடியோவில் வந்தாள். வீட்டைச் சுற்றிக் காட்டினேன்.

"மச்சி, அந்த ஓட்டய முதல்ல அடைங்க. நாப்பது நாள் முடியுமட்டும் காத்துப் படப்படாது. படிச்ச நீங்க இதையும் நான் சொல்லணுமா?"

கணவரின் பழைய சாறனைச் சுருட்டித் திணித்து, மேலே பிளாஸ்டர் ஒட்டினேன்.

படித்த நான். கல்முனையில் பெண்பிள்ளைகள் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பித்தவள். எரியும் மெழுகுதிரியின் மேல் கிளாசைக் கவிழ்த்து, சுடர் சாவதைக் காட்டி, தகனத்துக்கு ஒட்சிசன் தேவை என்று வகுப்பையே பாடமாக்க வைத்தவள். ஒட்சிசன் போதாவிட்டால் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு உண்டாகும், நிறமில்லை, மணமில்லை என்று கரும்பலகையில் எழுதியவள். ஆனால் ஊரில் எந்த அடுப்பும் காற்றுக்காகக் காத்திருந்ததில்லை. ஓட்டிடுக்கில் வரும், கதவடியில் வரும், வேண்டாம் என்றாலும் வரும். இங்கே ஹீட்டர் எரிவதற்கான காற்று அந்த ஒரு துளையால்தான் வந்தது. அது நின்றதும் நெருப்பு அறைக்காற்றைத் தின்றது; குழாய் வழியே மேலே போக வேண்டிய புகை குசினிக்குள் திரும்பியது. இரண்டு நாளாக ஹீட்டரின் சின்னக் கண்ணாடிக்குள் நீலச் சுடர் மஞ்சளாகியிருந்ததைக் கண்டேன். ஜன்னல்கள் வியர்த்து வடிந்ததையும் கண்டேன். காஸ் சரியில்லை என்று நினைத்தேன். பாஷை தெரியாததால் வந்த வினை என்று இப்போது ஆறுதல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மஞ்சள் சுடர் தமிழில்தான் பேசியது.

பதினொன்றுக்கு முன்னரே மகள் சுவரோடு சாய்ந்து சரிந்தாள். சூடான இடமென்று குசினியில் கூடைக்குள் கிடத்தியிருந்த பேத்தி, கன்னத்தில் தட்டியும் வாய் திறக்கவில்லை. வேலையிலிருந்த மருமகனுக்கு ஃபோன் எடுத்தேன். எனக்கே நாக்கு குழறியது. அவர் அங்கிருந்தே அம்புலன்சைக் கூப்பிட்டார்.

வந்தவர்களின் பையில் தொங்கிய, நச்சுவாயு காட்டும் சின்னப் பெட்டி வாசலிலேயே கத்தியது. "ஃபுவோரி, ஃபுவோரி" என்றார்கள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். விசா புதுப்பிக்கும் கந்தோரில், வரிசை மாறி நின்றதற்காக என்னிடம் சொன்ன சொல். வெளியே போ. எங்கள் வீட்டிலிருந்தே எங்களைத் துரத்துகிறார்கள் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். "நாப்பது முடியல்ல, பச்ச ஒடம்பு, வெளிய கொண்டு போகாதீங்க" என்று தமிழில் மன்றாடினேன். ஒருவன் என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தான். மற்றவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் ஓடினான். பதினேழு நாள் நான் அண்டவிடாத காற்று, அவள் முகத்தில் விழுந்த முதல் மருந்து.

ஆஸ்பத்திரியில் இருவரையும் உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். எனக்கும் முகமூடி மாட்டினார்கள். அம்புலன்ஸ்காரர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து டொக்டர் ஏதோ கேட்டார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மருமகன் வேறு நகரத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். தாதி என் பாஸ்போர்ட்டில் நாட்டின் பெயரைப் பார்த்து யாருக்கோ ஃபோன் எடுத்தாள். சாத்திய கதவைப் பார்த்தபடி இரண்டு மணிநேரம் இருந்தேன். கடைசியில் மொழிபெயர்க்க வந்தவள் ஒரு சிங்களப் பெண். ஊரில் அரசாங்க வேலைக்காகச் சிங்களப் பரீட்சை எழுதிப் பாஸானேன். வேண்டுமென்றே ஒரு நாளும் பேசியதில்லை. அவள் டொக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, என் பக்கத்தில் அமர்ந்து, கையைப் பிடித்தாள்.

"தென்னம ஹொந்தய், அம்மே."

இரண்டு பேரும் சுகம். என் பிள்ளைகள் உயிரோடிருக்கும் செய்தி அந்த மொழியில்தான் எனக்குக் கிடைத்தது. அதைக் கேட்டு அழுதேன். அவள் அழவிட்டாள். பிறகு, எனக்காகத் தமிழைத் தேடித் தேடி எடுத்து, மெதுவாகச் சொன்னாள்:

"டொக்டர் கேக்குறது, அந்த ஓட்டை அடைச்சது யாரு?"